பப் பின்னாடி வச்ச காலி பீர் கெக் திருடு போகுது, இதைத் தடுக்க தனியா சட்டம் எதுவும் இருக்கா?

மிட்லண்ட்ஸ்_பாலா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன டவுன்ல பப்ல அசிஸ்டன்ட் மேனேஜரா இருக்கேன், ஊர்ல அம்மாகிட்ட ஓட்டல் மேனேஜர்னுதான் சொல்லி வச்சிருக்கேன் அதை விடுங்க. பிரச்சனை என்னன்னா போன சனிக்கிழமை ராத்திரி பின்பக்கத்துல அடுக்கி வச்சிருந்த காலி கெக் எட்டு காணாம போயிருச்சு. கெக்னா தெரியாதவங்களுக்கு, ட்ராஃப்ட் பீர் வர்ற அந்த பெரிய ஸ்டீல் ட்ரம். 50 லிட்டர், 88 பைண்ட் பிடிக்கும். ஃபுல்லா இருந்தா ஒத்தை ஆள் தூக்க முடியாது, காலியா இருந்தா ஒரு பத்து பன்னெண்டு கிலோதான், ரெண்டு பேரு ஒரு வேனோட வந்தா அஞ்சு நிமிஷ வேலை.

இதுல வயித்தெரிச்சல் எதுன்னா அந்த கெக் எங்களுதே கிடையாது. ப்ரூவரிக்காரனோடது, பீர் மட்டும்தான் நாங்க வாங்குறோம். இப்ப டெலிவரி லாரிக்காரர் வந்து கணக்குல எட்டு குறையுதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு, முதலாளி என்னைப் பாக்குறாரு. போலீஸுக்கு போன் பண்ணேன், ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் குடுத்தாங்க, அவ்ளோதான். சிசிடிவில ஒரு வெள்ளை வேன் தெரியுது, நம்பர் ப்ளேட் தெரியல.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, காலி ட்ரம்மை திருடி என்னதான் பண்ணுவானுங்க? ரெண்டு, இந்த மாதிரி கெக் திருட்டுக்குன்னு ஏதாவது சட்டம் இருக்கா, இல்ல சைக்கிள் திருடுற மாதிரி இதுவும் ஒரு திருட்டுன்னு விட்டுருவாங்களா? யாராவது சட்டம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

செக்‌ஷன்_சேகர்:

பாலா, கெக் திருட்டுக்குன்னு இங்க தனிச் சட்டம் கிடையாது. 1968 திருட்டுச் சட்டம்தான், தியஃப்ட் ஆக்ட். கெக் உங்களோடது இல்லையேன்னு கவலைப்படாதீங்க, அந்தச் சட்டத்துல பொருள் யார் கையில, யார் பொறுப்புல இருக்கோ அவங்களுக்கும் சொந்தமாத்தான் கணக்கு. அதனால உங்க பப்ல இருந்து எடுத்தாலும் திருட்டுதான், ப்ரூவரி யார்டுல இருந்து எடுத்தாலும் திருட்டுதான். அதிகபட்சம் 7 வருஷம்.

ஆனா பலபேருக்குத் தெரியாத விஷயம், அதே சட்டத்துல 22ஆவது பிரிவு, திருட்டுப் பொருளை வாங்கி விக்கிறவனுக்கு அதிகபட்சம் 14 வருஷம். ஆமா திருடினவனுக்கு ஏழு, வாங்கினவனுக்கு பதினாலு. நம்ம ஊர்ல பழைய ஐபிசில திருட்டுக்கு 379, திருட்டுப் பொருள் வாங்குறதுக்கு 411, ரெண்டுக்குமே மூணு வருஷம்தான் இருந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா பிஎன்எஸ் வந்தப்புறமும் முதல் தடவை மாட்டுறவனுக்கு அப்படியேதான். இங்க அப்பவே யோசிச்சிருக்கான், வாங்குறதுக்கு ஆள் இல்லைன்னா திருடுறவன் எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான்னு.

சிக்கல் எங்கன்னா, "திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினான்"னு நிரூபிக்கணும். கடைக்காரன் எனக்கென்ன தெரியும்னு சொல்லிட்டா கேஸ் அதோட நொண்டியடிக்கும். கெக் விஷயத்துல அந்த சாக்கு கொஞ்சம் கஷ்டம், ஏன்னா மேல் விளிம்புலயே ப்ரூவரி பேரை குத்தி வச்சிருப்பாங்க. ஒரு தனி ஆளு வேன்ல அடுத்தவன் பேர் பொறிச்ச எட்டு ட்ரம்மைக் கொண்டு வந்து இறக்கினா, எனக்குத் தெரியாதுன்னு எவன் சொன்னாலும் ஜூரி சிரிப்பாங்க.

பேரீச்சம்பழம்:

எட்டு காலி ட்ரம்முக்கு பதினாலு வருஷமா 😂 நம்ம ஊர்லன்னா காயலான் கடைல போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுட்டு போயிட்டே இருப்பான். ப்ரோ ஃபுல் கெக்கை விட்டுட்டு காலி கெக்கை திருடுறவன நான் இப்பதான் கேள்விப்படுறேன்.

நான் சொல்றது கேட்டா சிரிப்பு வரும் ஆனா சீரியஸாத்தான் கேக்குறேன், சட்டம் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, போலீஸ்தான் ரெஃபரன்ஸ் நம்பர் குடுத்துட்டு போயிடுச்சே. சட்டத்தைப் பாத்து எவன் பயப்படுறான்.

வவுனியான்:

தம்பி பேரீச்சம்பழம், பயப்பட்டவை. நான் சொல்லுறன் கேளும், நான் பழைய இரும்பு யார்ட்டில ஒம்பது வருசம் நிண்டு வேலை செய்தனான், கண்ணால கண்ட ஆள்.

முதல் பாலாட முதல் கேள்விக்கு மறுமொழி. உந்த கெக் 304 எண்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். பன்னெண்டு கிலோ கெக் எண்டு வையுங்கோ, கிட்டத்தட்ட ஒரு கிலோ நிக்கல் அதுக்குள்ள கிடக்கு. கள்ளர் வாறது பீருக்கில்லை, அந்த ஒரு கிலோவுக்குத்தான். 2007 மே மாசம் லண்டன் உலோகச் சந்தையில நிக்கல் ஒரு டொன் 50 ஆயிரம் டொலரைத் தாண்டினது. அப்ப கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒரு கெக்குக்குள்ள மட்டும் அம்பது டொலர் நிக்கல். முழுக்காசையும் யார்ட்காரன் குடுக்கமாட்டான்தான், எண்டாலும் அந்தக் காலம் கெக், மேன்ஹோல் மூடி, சேர்ச் கூரையில கிடந்த ஈயத் தகடு, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில போற செப்பு வயர் ஒண்டும் மிஞ்சேல்லை.

பழைய இரும்பு வாங்கிற யார்ட்டுகளுக்கு அப்பத்தை சட்டம் 1964ல வந்தது. ஆர் கொண்டு வந்தது எண்டு புத்தகத்தில எழுதவேணும், எழுதுவம். மிக்கி மவுஸ் எண்டு பேர் சொன்னாலும் எழுதுவம், ஆர் பாக்கிறது. காசு கையில, ஆள் போயிடும். காலமை ஏழு மணிக்கு கேற் திறக்க முதலே வேன் வரிசையில நிக்கும், அதில அரைவாசி பேர் என்ன கொண்டு வாறினம் எண்டு எங்களுக்கும் தெரியும் அவைக்கும் தெரியும். இதை நான் பெருமைக்குச் சொல்லேல்லை.

பிறகு 2012 தொடக்கத்தில வட கிழக்கு இங்கிலாந்தில ஒப்பரேஷன் டொர்னாடோ எண்டு ஒண்டு தொடங்கினவை. சட்டம் இல்லை, யார்ட்காரர் தாங்களா ஒத்துக்கொண்டு விக்க வாறவரிட்ட ஐடி கேக்கிறது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அதே வருசம் டிசம்பர் 3ஆம் திகதியில இருந்து இங்கிலாந்திலையும் வேல்ஸிலையும் பழைய உலோகத்துக்கு காசு கையில குடுக்கிறதே குற்றம் எண்டு வந்திட்டுது. பாங்க் கணக்குக்கு அல்லது செக். அண்டையில இருந்து எங்கட கேற்றில வரிசை பாதியாப் போச்சு. நான் சொல்லுறது எங்கட யார்ட்டை மட்டும், மற்ற இடம் எனக்குத் தெரியாது. ஏழு வருசமோ பதினாலு வருசமோ எண்டதை ஒருத்தனும் யோசிக்கேல்லை தம்பி, தன்ர பேரில பாங்கில காசு விழும் எண்டதுதான் அவைக்குப் பயம்.

மிட்லண்ட்ஸ்_பாலா:

வவுனியான் அண்ணே மிக்க நன்றி, ஒரு கிலோ நிக்கல்னு இப்பதான் தெரியுது. இத்தனை நாளா நான் அதை மழையில போட்டு வச்சிருந்தேன்.

ஒரு டவுட். காசா குடுக்கக்கூடாதுன்னு 2012லயே வந்திருச்சுன்னா இப்ப என் கெக் எப்படி போச்சு? பாங்க்ல பணம் விழும்னு தெரிஞ்சும் திருடுறானே? இந்த ஊர்ல தெருத்தெருவா வேன்ல வந்து பழைய வாஷிங் மெஷின் எல்லாம் எடுத்துட்டு போறாங்களே அவங்களுக்கும் இந்த ரூல் உண்டா?

செக்‌ஷன்_சேகர்:

நல்ல கேள்வி. 2012ல அந்த தெரு வேன்காரங்களுக்கு ஒரு விலக்கு இருந்துச்சு, எல்லாரும் அந்த ஓட்டை வழியாத்தான் போயிட்டு இருந்தாங்க. ரிச்சர்ட் ஒட்டவேன்னு ஒரு எம்பி தனிநபர் மசோதாவா கொண்டு வந்து, 2013 ஸ்க்ராப் மெட்டல் டீலர்ஸ் ஆக்ட் அந்த விலக்கை எடுத்துருச்சு. அக்டோபர் 2013ல இருந்து அமல். இப்ப யார்டு வச்சிருந்தா ஒரு லைசென்ஸ், வேன்ல சுத்துனா வேற லைசென்ஸ், ரெண்டையும் கவுன்சில்தான் தரும், மூணு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். விக்க வர்றவன் பேரு, முகவரிய ஆதாரம் பாத்து சரிபாக்கணும், அந்த ரெக்கார்டை மூணு வருஷம் வச்சிருக்கணும். பழைய சட்டத்துல வெறும் ரெஜிஸ்ட்ரேஷன்தான், கவுன்சில் மாட்டேன்னு சொல்லவே முடியாது. இப்ப தகுதி இல்லாதவன்னா மறுக்கலாம், குடுத்ததையும் பிடுங்கலாம். எனக்கு இதுதான் பெரிய மாற்றம்னு படுது, அபராதம் கட்டிட்டு போறவனுக்கு கடையே போயிரும்னா கதை வேற.

ஸ்காட்லாந்துல இந்த தடை 2016 செப்டம்பர்லதான் வந்துச்சு. நடுவுல அந்த நாலு வருஷம், வடக்கு இங்கிலாந்துல எடுத்ததை எல்லை தாண்டி கொண்டு போய் காசாக்கிருவாங்கங்குற பயம் இங்க இருந்துச்சு.

உங்க கெக் எப்படி போச்சுன்னா, லைசென்ஸே இல்லாம பண்றவனும் இருக்கான் பாலா. சட்டம் நேர்மையா கடை நடத்துறவனைத்தான் முதல்ல கட்டும்.

ஆஸ்டின்_அண்ணாச்சி:

அமெரிக்காவுல இருந்து சொல்றேன், இங்க கூத்தே வேற. நாடு பூராவும் ஒரே சட்டம்னு கிடையாது, ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒவ்வொரு மாதிரி. ஆனா பாலா கேட்டீங்களே கெக்குக்குன்னு சட்டத்துல பேரு போட்டு எழுதியிருக்கான்னு, இங்க எழுதியிருக்கான். நான் இருக்கிற டெக்சாஸ்ல பழைய உலோகம் வாங்குறவங்களுக்கான சட்டத்துல கட்டுப்பாடு உள்ள பொருள்னு ஒரு லிஸ்ட் உண்டு. மேன்ஹோல் மூடி, ரோட்டோர தடுப்புக் கம்பி, தெருப் பலகை, கல்லறைல வைக்கிற பூச்சாடி, அதுகூடவே பீர் கெக். கல்லறை பூச்சாடிக்குப் பக்கத்துல பீர் கெக்கை வச்சவன் ரசனைக்காரன்.

ஃப்ளோரிடாலயும் அதே மாதிரி லிஸ்ட்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீர் கெக்னே இருக்கு, அதை வாங்கணும்னா இது உன்னுதுதான்னு ஆதாரம் கேக்கணும், கேஷ் கிடையாது. செக்கைக்கூட கையில குடுக்காம வீட்டு அட்ரஸுக்கு தபால்ல அனுப்பணும்னு வச்சிருக்கான். திருடன் சொந்த வீட்டு அட்ரஸ் குடுப்பானா என்ன.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கலிஃபோர்னியா. 2008ல ஒரு சட்டம் போட்டான், அந்த டிசம்பர்ல இருந்து அமல். இரும்பு அல்லாத உலோகம் வித்தா மூணு நாள் கழிச்சுதான் பணம், விக்கிறவன் போட்டோ, கட்டைவிரல் ரேகை, கொண்டு வந்த பொருளோட போட்டோ எல்லாம் எடுக்கணும். அடிக்கடி வர்ற வியாபாரிக்கு மட்டும் மூணு நாள் விலக்கு. சரி கெக் ஸ்டீல்தானே, இரும்பு அல்லாததுல எப்படி வரும்னு கேப்பீங்க. அதுலதான் இருக்கு, அந்தப் பிரிவுல "இரும்பு அல்லாதது"ன்னா செம்பு, செம்புக் கலவை, அலுமினியம், அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு விளக்கம் எழுதி வச்சிருக்கான். முக்கால்வாசி இரும்பா இருக்கிற பொருளை இது இரும்பே இல்லைன்னு சட்டசபைல கை தூக்கி பாஸ் பண்ணியிருக்காங்க 😄 ஆனா வேலை நடந்துச்சு, அதான் முக்கியம். மூணு நாள்னா திருடுனவன் திரும்ப வரணும், அதுக்குள்ள பறிகொடுத்தவன் கம்ப்ளெயின்ட் குடுத்திருப்பான்.

இன்னொண்ணு டெபாசிட். இங்க வீட்டு பார்ட்டிக்கு கெக் எடுத்தா முப்பது டாலர் மாதிரி டெபாசிட் வாங்குவாங்க, கடைக்குக் கடை மாறும். புது கெக் விலை அதைவிட பல மடங்கு. நிக்கல் விலை ஏறுனப்ப டெபாசிட்டைவிட பழைய இரும்பு விலை அதிகமா போன நாளெல்லாம் உண்டு, அப்ப திருடனே வேணாம், டெபாசிட் கட்டினவனே திருப்பித் தராம யார்டுல போட்டுட்டான். டெபாசிட் கட்டியாச்சு அது என்னுதுன்னு நினைக்கிறவன் நம்ம ஆளுங்கள்லயும் நிறைய.

வீட்டுக்_காய்ச்சல்:

எங்க ஊர் ஆஸ்டின் அண்ணாச்சி சொல்றது சரி ஆனா ஒண்ணு சேத்துக்கிறேன், இங்க கெக் ரெஜிஸ்ட்ரேஷன் சட்டம்னு வேற ஒண்ணு இருக்கு பல ஸ்டேட்ல, கெக் வாங்குறப்ப பேரு ஐடி எல்லாம் எழுதி கெக்குல ஒரு டேக் ஒட்டுவான், கலிஃபோர்னியால ஆறு கேலனும் அதுக்கு மேலயும் இருந்தா கட்டாயம், அதுவும் திருட்டைத் தடுக்கத்தானே?

ஆஸ்டின்_அண்ணாச்சி:

இல்லப்பா அது திருட்டுக்கு இல்ல. 21 வயசு ஆகாத பசங்க பார்ட்டில குடிச்சு மாட்டினா அந்த கெக்கை வாங்கிக் குடுத்த பெரியவன் யாருன்னு கண்டுபிடிக்க. எல்லாரும் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. டேக் இருக்கிறதால கெக் திரும்பி வரலாம், அது வேற கணக்கு.

உங்க பேரைப் பாத்தா வீட்டுல பீர் காய்ச்சுற ஆள் மாதிரி தெரியுது. கெக்கோட தலையை அறுத்து அடுப்புல வைக்கிற அண்டாவா மாத்துவீங்களே, அந்த கெக் எங்க வாங்குனீங்க? 😏

வீட்டுக்_காய்ச்சல்:

அண்ணாச்சி மானத்தை வாங்காதீங்க. முதல் தடவை டெபாசிட் கட்டி எடுத்ததை அறுத்தேன், உண்மையிலேயே தப்புன்னு தெரியாது, கெக்குல "இது இன்னார் சொத்து"ன்னு எழுதியிருக்குறதை அறுக்குறப்பதான் படிச்சேன். இப்ப பேரு இல்லாத புது கெக்கை காசு குடுத்து வாங்குறேன். யாராவது அறுக்கப் போறீங்கன்னா முதல்ல உள்ள இருக்கிற கேஸை முழுசா இறக்குங்க, காலி கெக்குன்னாலும் உள்ள பிரஷர் நிக்கும், நடுவுல இருக்கிற அந்த கம்பிக்குழாய் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளிய வரும், ஆளே போயிருக்காங்க.

பேரீச்சம்பழம்:

சரி நான் தோத்துட்டேன், சட்டத்துக்கு பயப்படுறானுங்க, பாங்க் ஸ்டேட்மென்ட் வழியா வந்தா. டெபாசிட்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, நம்ம டாஸ்மாக்ல 2022ல நீலகிரில பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்கி காலி பாட்டில் குடுத்தா திருப்பித் தர்றாங்கள்ல, ஹைகோர்ட் சொல்லி வந்தது. அங்க பிரச்சனை திருட்டு இல்ல, காட்டுல உடைஞ்ச பாட்டில் யானை கால்ல ஏறுது. ஆனா நம்ம ஊர்ல பத்து ரூபாய்க்கே ஆள் பாட்டில் பொறுக்க வந்துட்டான். பாலா, உங்க ப்ரூவரி உங்ககிட்ட டெபாசிட் வாங்குறானா?

மிட்லண்ட்ஸ்_பாலா:

இல்ல, இங்க பப்புக்கு டெபாசிட் எல்லாம் கிடையாது, டெலிவரி நோட்டுல எத்தனை வந்துச்சு எத்தனை போச்சுன்னு கணக்கு மட்டும். அதனாலதான் ப்ரூவரிக்கும் ரொம்ப நாள் தெரியறதில்ல, எந்த பப்ல தங்கிருச்சு எது காணாம போச்சுன்னு. எங்க சைடுலயும் தப்பு இருக்கு, வாரம் ஒருக்கா லாரி வருது, நாங்க நாலு வாரமா காலியை திருப்பி அனுப்பாம அடுக்கி வச்சிட்டோம். திருடனுக்கு கண்காட்சி போட்ட மாதிரி.

வவுனியான்:

பாலா, நீர் கெக் வொட்ச்சுக்கு அடிச்சனீரோ? இஞ்ச ப்ரூவரிகாரருக்காக காணாமல் போன கெக்கை, காஸ்க் எண்டுற பீர் பீப்பாயை தேடி எடுக்கிற ஒரு அமைப்பு. எங்கட யார்ட்டுக்கும் வந்து பாக்கிறவை. வந்து நிண்டு, இஞ்ச கெக் ஏதும் வந்ததோ எண்டு கேட்டுட்டு, குவியலைச் சுத்தி ஒரு நடை நடப்பினம். எங்கட முதலாளிக்கு பொலிஸை விட அவையளில பயம், ஏனெண்டா பொலிஸுக்கு கெக்குக்கும் காஸ்க்குக்கும் வித்தியாசம் தெரியாது, இவையள் தூரத்தில இருந்தே விளிம்பில அடிச்சிருக்கிற பெயின்ட் நிறத்தைப் பாத்து ஆற்ற எண்டு சொல்லுவினம்.

எல்லாக் கெக்கும் யார்ட்டுக்கு வாறதில்லை எண்டதும் தெரிஞ்சிருக்கட்டும். அரைவாசி தோட்டத்தில ஸ்டூலா கிடக்கும், பார்பிக்யூவா கிடக்கும். சின்ன ப்ரூவரிகாரன் சிலவேளை அடுத்தவன்ர கெக்கில தன்ர பீரை நிரப்பி அனுப்புவான், உதையும் நான் கண்டனான். அதுக்கு எந்த ஸ்க்ராப் சட்டமும் உதவாது.

மிட்லண்ட்ஸ்_பாலா:

ஒரு வாரம் கழிச்சு அப்டேட். வவுனியான் அண்ணே சொன்ன மாதிரி கெக் வாட்ச்ல சொன்னேன், பொறுமையா கேட்டாங்க, ப்ரூவரி பேரு, கெக் அளவு, விளிம்பு கலர் எல்லாம் எழுதிக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு எங்க ரெகுலர் கஸ்டமர் ஒருத்தரு பார்ல உக்காந்து, எங்க வீட்டுக்குப் பின்னாடி காய்கறி போடுற தோட்டத்துல ரெண்டு ட்ரம் உங்க ப்ரூவரி பேரோட கிடக்குதே, ஒண்ணுல தண்ணி பிடிச்சு வச்சிருக்கான், ஒண்ணுல உக்காந்து டீ குடிக்கிறான்னு சாதாரணமா சொல்றாரு. போய்ப் பாத்தேன், எங்களுதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா ப்ரூவரி அதேதான். அந்தப் பெரியவருகிட்ட கேட்டா "ஒருத்தன் வேன்ல கொண்டு வந்து பத்து பவுண்டுக்கு குடுத்தான்"ங்குறாரு. எண்பது வயசு இருக்கும். சேகர் சார் சொன்ன பதினாலு வருஷம் ஞாபகம் வந்துச்சு, வாயத் திறக்காம ரெண்டையும் தூக்கிட்டு வந்துட்டேன், அவருக்கு ஒரு ப்ளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக் குடுத்தேன்.

மீதி ஆறு இன்னும் கிடைக்கல. இனிமே காலி கெக் எல்லாம் உள்ள செல்லர்லதான், லாரி வர்ற அன்னிக்கு காலைலதான் வெளிய எடுக்குறது. கேட்டுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கியாச்சு, பில்லை முதலாளிகிட்ட எப்ப நீட்டலாம்னு நேரம் பாத்துட்டு இருக்கேன்.